ஜெயவேலின் நகக்கண்

ஜெயவேல் தன் நாற்பத்தாறு வயதில் ஒரு சொட்டு சாராயத்தை நாக்கில் வைத்தவன் இல்லை. ஆரணி கொசப்பாளையத்துச் சாயப்பட்டறையில் அவனோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் பொழுது சாய்ந்தால் நேராக வீட்டுக்குப் போகிறவர்கள் அல்ல. அவன் மட்டும் கை கால் கழுவி, ஒரு டீ குடித்து, பெண்டாட்டிக்கு ரெண்டு முழம் கதம்பம் வாங்கிக்கொண்டு போய்ச் சேருவான். அப்படிப்பட்ட மனுஷனைப் போய் டாக்டர் பரசுராமன் குடிகாரன் என்று எழுதிவிட்டார். வாயால் சொல்லியிருந்தாலாவது எதிர்த்துக் கேட்கலாம். ஆஸ்பத்திரி பேர் அச்சடித்த தாளில், இங்கிலீஷில், கீழே ரப்பர் ஸ்டாம்பு குத்தி எழுதிவிட்டார்.

நர்ஸ் லீலா அதை மேனேஜர் அறையில் நின்றபடியே படித்தாள். நாள்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர். ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு நாளாகக் குடிக்காததால் திடீரென்று வலிப்பு வந்து நினைவு தப்பியது. மேல்சிகிச்சைக்காக வேலூருக்கு அனுப்புகிறோம். இவ்வளவுதான் கடிதம். படித்து முடித்ததும் அவளுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

“சார், வலிப்பு வரவே இல்லையே.”

“வந்துச்சு. நீ பாக்கல,” என்றார் டாக்டர். செய்யாறில் ஒரு முகூர்த்தத்துக்குப் போய்விட்டுப் பட்டு வேட்டியோடு அப்படியே ஓடி வந்திருந்தார். சந்தனம்கூட நெற்றியில் காயவில்லை.

என்ன நடந்தது என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். ஜெயவேலுக்கு முதல் நாள் காலையில் ஹெர்னியா ஆபரேஷன். ஈரப் பட்டு நூலைக் கோலில் மாட்டிச் சாய அண்டாவிலிருந்து தூக்கித் தூக்கி வந்த வியாதி அது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. மறுநாள் மதியம் பன்னிரண்டரைக்கு வலி தாங்காமல் முனகினான். லீலா வலி ஊசியும் அதோடு சேர்த்துப் போடும் தூக்க ஊசியும் போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் முனகினான். டாக்டருக்குச் செல்போனில் பேசினாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

“இன்னொரு டோஸ் போடு.”

“போட்டு ஒரு மணி நேரம்தான் சார் ஆவுது. நாலு மணி நேரமாவது விட்டுத்தான்…”

“போடும்மா. சாப்பிட உக்காந்துட்டேன். பேஜார் பண்ணாத.”

போட்டாள். போட்டிருக்கக் கூடாது. பதினேழு வருஷம் வேலை பார்த்தவள், வேலூரில் மூன்று வருஷம் முறையாகப் படித்துப் பாஸ் செய்தவள், அந்த ஆஸ்பத்திரியில் வெள்ளைப் புடவை கட்டியவர்களில் உண்மையான நர்ஸ் அவள் ஒருத்திதான். ‘முடியாது சார்’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் போனை வைத்திருக்கலாம். சொல்லவில்லை. டாக்டர் சொல்லிவிட்டார், நாம் போட்டோம் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கால் மணி நேரம் கழித்து ஜெயவேலின் பெண்டாட்டி அபிதகுசாம்பாள் அவளைத் தேடி வந்தாள். வீட்டில் பட்டு நூல் இழைத்துக் கொடுக்கிறவள். நூலை வெளிச்சத்தில் பிடித்து இது நேற்றைய சாயம், இது இன்றைய சாயம் என்று பிரித்துச் சொல்லக்கூடிய கண் அவளுக்கு.

“சிஸ்டர், கொஞ்சம் வந்து பாருங்களேன். எங்க ஊட்டுக்காரரு நகம் ஒரு மாதிரி ஊதாவா மாறிகினு வருது.”

லீலா எட்டிப் பார்த்தாள். ஜெயவேல் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். கை நகமெல்லாம் கறுத்த நீலம். அதைப் பார்த்திருந்தால் எந்த வெளியூர் நர்ஸும் அலறி அடித்துக்கொண்டு ஓடியிருப்பாள். லீலா வெளியூர்க்காரி இல்லை. அவள் அப்பனும் சாயக்காரன். அவன் சோறு பிசைந்த கை ஒரு மாசம் மாம்பழ மஞ்சளாகவும் ஒரு மாசம் மயில் கழுத்தாகவும் இருந்ததைப் பார்த்தே வளர்ந்தவள். அதனால் சிரித்தாள்.

“சாயக்காரர் கை வேற எந்தக் கலர்ல இருக்கும்? எங்கப்பா கை வருஷத்துல ஆறு மாசம் கிளிப்பச்சைதான். போங்கம்மா, தூங்கட்டும் அவரு.”

“இல்ல சிஸ்டர், இந்த மாசம் பூரா அவரு போட்டது அரக்கு. அரக்கு நெறம் இப்படி ஆவாது. கலர் மாறியிருக்குது.”

“ஊறி வெளிய வருதும்மா,” என்று சொல்லி லீலா போயே போய்விட்டாள்.

உதட்டைப் பார்த்திருக்கலாம். உதட்டில் யாரும் சாயம் போடுவதில்லை. நாக்கைப் பார்த்திருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் அவன் நெஞ்சு எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று எண்ணியிருக்கலாம். நர்ஸ் படிப்பில் முதல் மாசம் சொல்லிக்கொடுப்பது அது. விரலில் மாட்டிப் பார்க்கும் மெஷின் ஆபரேஷன் தியேட்டரில் பூட்டிக் கிடந்தது, சாவி மேனேஜர் இடுப்பில் இருந்தது, அது வேறு கதை. ஒரு நிமிஷம் எண்ணுவதற்கு மெஷின் எதற்கு? ரெண்டேகாலுக்கு அபிதா அலறிய பிறகுதான் ஓடி வந்து பார்த்தாள். மூச்சு அபூர்வமாகத்தான் வந்துகொண்டிருந்தது. முகமூடி வைத்து, காற்றுப் பையைக் கையால் அமுக்கி அமுக்கித்தான் அவனுக்கு மூச்சுக் கொடுத்தாள். நகம் மெல்ல மெல்ல அரக்கு நிறத்துக்குத் திரும்பியது. கண் மட்டும் திறக்கவில்லை.

இப்போது அந்தப் பையை யார் அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா? வார்டு பெருக்கும் முனியம்மாள். டாக்டர் கூப்பிடுகிறார், ஜல்தி வா என்று ஆள் வந்து நின்றதால் அவளிடம் ‘இப்படி எண்ணி எண்ணி அமுக்கு’ என்று காட்டிக்கொடுத்துவிட்டு லீலா ஓடி வந்திருந்தாள். வேன் வாசலில் நிற்கிறது. ஒரு மனுஷன் மூச்சு முனியம்மாள் கையில் இருக்கிறது. இங்கே இவர்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

“சார், ரெண்டு ஊசி போட்டோம்னு எழுதினாதான் அங்க மாத்து ஊசி போடுவாங்க. குடிகாரன், வலிப்புன்னு எழுதினா அதுக்கு இன்னும் தூங்கத்தான் மருந்து ஏத்துவாங்க. அதுக்கு அப்புறம் மூச்சு வராது சார்.”

“வேலூர்ல இருக்கறவங்க முட்டாளா? அவங்க பாத்துப்பாங்க. லெட்டர்லாம் ஒரு ஃபார்மாலிட்டி.”

“பொய் எழுதி அனுப்பறது ஃபார்மாலிட்டியா?”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். அவர் குரலைத் தணித்தால் லீலாவுக்குப் பயம், அது அவருக்கும் தெரியும்.

“லீலா, நல்லா யோசி. நான் செய்யாறுல இருந்தேன். ஆயிரம் பேர் சாட்சி. போன்ல என்ன சொன்னேன்னு உங்கிட்ட ஏதாவது இருக்கா? ஊசி போட்டது யார் கை? கேஸ் ஷீட்ல கையெழுத்து யாருது? நாளைக்குப் போலீஸ் வந்தா முதல்ல யாரைக் கூப்பிடுவாங்க? நர்ஸ் கவுன்சில்ல உன் பேரை அடிச்சுட்டாங்கன்னா பொண்ணை எப்படிப் படிக்க வைப்ப? நான் என்னைக் காப்பாத்திக்கிறேன்னு நெனைக்கிற. உன்னைத்தாம்மா காப்பாத்திகினு இருக்கேன்.”

கேட்டீர்களா நியாயத்தை! இரண்டாவது டோஸ் போடச் சொன்ன வாய், இப்போது காப்பாற்றுகிறதாம்.

மேஜையின் மறுபக்கத்தில் மேனேஜர் பன்னீர்செல்வம் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். அவன் எதிரே நாலு பேனா. காலை ஷிஃப்டுக்கு நீலம், மதியத்துக்குக் கறுப்பு, ராத்திரிக்குக் கொஞ்சம் மை மங்கின நீலம், டாக்டர் குறிப்புக்குப் பட்டை நிப்பு. இரண்டு நாள் கேஸ் ஷீட்டையும் புதிதாக எழுதி முடித்திருந்தான். கையெழுத்துகளை மாற்றி மாற்றி எழுதுவதில் அவன் கெட்டிக்காரன். லீலாவின் சாய்ந்த எழுத்தைக்கூட அப்படியே வரவழைத்திருந்தான். எத்தனை பேருக்கு இப்படி எழுதிப் பழகினானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பழைய ஷீட் அவன் முழங்கைக்குக் கீழே கிடந்தது.

“எல்லாம் முடிஞ்சிடுச்சு சிஸ்டர். மதியம் ஷிஃப்டுல நீங்க ஒரு சைன் போட்டா போதும்,” என்று கறுப்புப் பேனாவை நீட்டினான்.

இந்த இடத்தில் லீலா பேனாவைத் தூக்கி அவன் மூஞ்சியில் எறிந்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவள் வாங்கிக்கொண்டாள். மகள் தேவிப்ரியா பத்தாவது படிக்கிறாள். புருஷன் மணவாளன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. தெருவில் நாலு பேர் ‘ஆளைக் கொன்ன நர்ஸ்’ என்று கை காட்டிப் பேசுவது இப்போதே காதில் விழுந்தது. ஒரு கையெழுத்துப் போட்டால் அத்தனையும் இல்லாமல் போய்விடும். குனிந்து பேனாவைத் தாளில் வைத்தும் விட்டாள்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு மேல் வரியை அப்போதுதான் பார்த்தாள். மதியம் ஒன்றே முக்கால் மணி. நோயாளி நன்றாகத் தூங்குகிறார். மூச்சு நிமிஷத்துக்குப் பதினெட்டு. நகக்கண் இயல்பான நிறம்.

அவள் எண்ணாமல் விட்ட மூச்சை இந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எண்ணிவிட்டான். அவள் பார்க்காமல் சிரித்த நகத்தை இவன் பார்த்து, நல்லா இருக்கிறது என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டான். அதுவும் அவள் கையெழுத்தில்.

“யார் எண்ணினது இத?”

“என்னது சிஸ்டர்?”

“பதினெட்டுன்னு எழுதியிருக்கிறியே. யாருடா எண்ணினது?”

பன்னீர்செல்வத்தை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் ‘டா’ போட்டுக் கூப்பிட்டதில்லை. அவன் வாயைத் திறந்தபடி டாக்டரைப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் லீலா அவன் முழங்கையைத் தள்ளிவிட்டுப் பழைய கேஸ் ஷீட்டை உருவினாள். நாலாக மடித்தாள். ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். இப்போது தைரியம் இருக்கிறவன் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

“லீலா! அது ஆஸ்பத்திரி சொத்து!” டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். “இந்த வாசலைத் தாண்டினா நாளைக்கு நீ இங்க வரவேண்டாம்.”

“வரல சார்,” என்று சொல்லிவிட்டு வார்டுக்கு ஓடினாள்.

வேனில் ஏற்றினார்கள். லீலா தலைமாட்டில் உட்கார்ந்து முனியம்மாளிடமிருந்து பையை வாங்கிக்கொண்டாள். அபிதா கால்மாட்டில். டிரைவர் சின்னதுரையிடம் கடித உறையைக் கொடுத்து, ‘நீயே டாக்டர் கையில கொடுக்கணும்’ என்று பன்னீர்செல்வம் இரண்டு முறை சொல்லி அனுப்பியதை லீலா பார்த்தாள். கேட்டால் கொடுத்திருக்க மாட்டான், பாவம், அவனுக்கும் வேலை இருக்கிறது. வண்டி சைரன் போட்டுக்கொண்டு காந்தி ரோட்டைத் தாண்டியது.

இரும்பேடு தாண்டுகிற வரைக்கும் அபிதா புருஷன் பாதத்தைத் தேய்த்தபடியே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“சிஸ்டர், மேனேஜரு என்னைத் தனியா கூப்ட்டு, உங்க ஊட்டுக்காரரு குடிப்பாரா, மறைக்காம சொல்லுன்னாரு. சத்தியமா இல்லன்னேன். உனக்குத் தெரியாம குடிச்சிகினு இருந்திருக்காரு, அதான் இப்படி ஆயிடுச்சுன்றாரு. அப்படியா சிஸ்டர்?”

லீலா பையை அமுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, விடு.

“இருவத்திரண்டு வருஷம் கூட இருந்தவ நான். எனக்குத் தெரியாமலா?” அபிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. “ஆனா போன மாசம் ரெண்டு நாள் நேரங்கழிச்சு வந்தாரு. கேட்டா பெரிய ஆர்டர், அண்டா எறக்க நேரமாயிடுச்சுன்னாரு. ஒருவேளை அப்பதான்… டாக்டர் பொய் சொல்லுவாரா சிஸ்டர்?”

இதைத்தான் லீலாவால் தாங்க முடியவில்லை. ஆளை மூச்சில்லாமல் போட்டார்கள். பெயரில் சாராயத்தை ஊற்றினார்கள். இப்போது பெண்டாட்டியின் மனதிலிருந்தும் அவனை உருவி எடுக்கிறார்கள். சாகக் கிடக்கிறவனை அவளே சந்தேகப்படும்படி செய்துவிட்டார்களே, பாவிகள்! வேலூர் போய்ச் சேர்ந்து டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொன்னால் போதும் என்றுதான் அவள் நினைத்து வந்தாள். போதாது என்று அப்போது தெரிந்தது.

“அபிதா, நான் சொல்றத கேளு. அவரு குடிக்கல. வலிப்பும் வரல. நான் ஊசி போட்டேன். ஒரு மணி நேரத்துக்குள்ள ரெண்டு தரம் போட்டேன். டாக்டர் போன்ல சொன்னாரு, நான் போட்டேன். அதுல மூச்சு கொறைஞ்சிடுச்சு. நகம் நீலமானது அதனாலதான். சாயம் இல்ல. நீ சொன்னது சரி.”

அபிதாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. கண்ணீரோடு அப்படியே பார்த்தாள். பார்வை லீலாவின் முகத்திலிருந்து புருஷன் விரலுக்குப் போனது, மறுபடி லீலாவின் முகத்துக்கு வந்தது.

“அப்ப நான் வந்து சொன்னப்பவே…”

“ஆமா. அப்பவே பாத்திருந்தா இவ்வளவு ஆயிருக்காது.”

அபிதா எழுந்தாள். ஓடுகிற வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் லீலாவின் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். லீலாவின் கொண்டை அவிழ்ந்து கலைந்தது.

“எறங்குடி! என் புருஷன தொடாத! அண்ணா, வண்டிய நிறுத்து, இவள எறக்கி விடு!”

சின்னதுரை பயந்துபோய் வேகத்தைக் குறைத்தான். கண்ணமங்கலத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்.

“நிறுத்தாத சின்னதுரை! ஓட்டு!” லீலா கத்தினாள். கை மட்டும் பையை விடவில்லை. “அடி அபிதா, நல்லா அடி. நான் கைய எடுத்தா அவருக்கு மூச்சு நின்னுடும். வேலூர் வர்ற வரைக்கும் நான் எறங்க மாட்டேன். நீ எவ்வளவு வேணா அடிச்சிக்கோ.”

அபிதா அடித்தாள். தோளிலும் முதுகிலும் அடித்தாள். வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே கை ஓய்ந்துபோய்ப் புருஷன் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண்ணமங்கலம் கடைத்தெருவில் ஆட்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். லீலா எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, விடு.

வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தயாராக நின்றது. அங்கத்து ஆட்கள் பையை வாங்கிக்கொண்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். லீலா பின்னால் ஓடினாள். வாசலில் அபிதா திரும்பி நின்றாள்.

“வாட்ச்மேன், இந்தப் பொம்பளைய உள்ள விடாதீங்க. என் புருஷன் கிட்ட இவ வரக்கூடாது.”

வாட்ச்மேன் குறுக்கே கையை நீட்டினான். ஒரு ஆளோடு ஒருத்தர்தான் என்பது அவனுக்குச் சட்டம். லீலா தன் வெள்ளைப் புடவையைக் காட்டினாள், நர்ஸ் என்றாள், கெஞ்சினாள். அவன் அசையவில்லை. அபிதாமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, வர என்ன உரிமை இருக்கிறது? கதவு கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உள்ளே சின்னதுரை உறையை நீட்டிவிட்டான். இளவயது டாக்டர் ஒருவர் அதைப் பிரித்துப் படித்தார்.

“எவ்வளவு நாளா குடிக்கிறாரு?”

“குடிக்க மாட்டாருங்க. அது பொய்யிங்க. பொய்யா எழுதிக்கினாங்க.”

எல்லாப் பெண்டாட்டிகளும் இதைத்தான் சொல்லுவார்கள் என்கிற மாதிரி அந்த டாக்டர் தலையை ஆட்டினார். பக்கத்திலிருந்த நர்ஸிடம் ஏதோ சொன்னார். அவள் ஒரு மருந்துக் குப்பியை உடைத்தாள். குப்பியைப் பார்த்ததும் லீலாவுக்கு என்ன மருந்து என்று தெரிந்துவிட்டது. வலிப்புக்குப் போடுகிற மருந்து. அதைப் போட்டால் இருக்கிற அரை மூச்சும் அடங்கும்.

கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். “போடாதீங்க! அத போடாதீங்க! அபிதா! நீ என்னை அப்புறம் என்ன வேணா பண்ணு. இப்ப என்னை உள்ள விடச் சொல்லு!”

அபிதா திரும்பிப் பார்த்தாள். கதவுக்கு வெளியே முடி கலைந்து, கன்னம் வீங்கி நிற்கிறவளைப் பார்த்தாள். ஊசியில் மருந்தை இழுக்கிற நர்ஸைப் பார்த்தாள். இரண்டு பேரும் வெள்ளைப் புடவை. ஒருத்தி பொய்யை நம்பி வேலை செய்கிறாள். ஒருத்தி உண்மையைச் சொல்லி அடிவாங்கினாள்.

“அவள விடுங்க,” என்று அபிதா கத்தினாள். “அவதான் ஊசி போட்டா. அவளுக்குத்தான் தெரியும். விடுங்கடா அவள!”

லீலா உள்ளே ஓடி வந்து ரவிக்கைக்குள்ளிருந்து தாளை எடுத்து நீட்டினாள். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, மறுபடி எத்தனை மணிக்கு, மூச்சு எப்போது குறைந்தது, நாடி எவ்வளவு இருந்தது என்று மளமளவென்று சொன்னாள்.

“நீங்க யாரு?”

“இந்த ரெண்டு ஊசியும் போட்ட நர்ஸ்.”

டாக்டர் ஒரு நொடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கடிதத்தை மேஜையில் வீசினார். இமையைப் பிரித்துக் கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு அவர் சொன்ன மருந்து வேறு. மாற்று ஊசி நரம்பில் இறங்கியது. லீலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஜெயவேலின் நெஞ்சை எண்ணினாள். யாரும் அவளை எண்ணச் சொல்லவில்லை. நிமிஷத்துக்கு ஐந்து. மறுபடி ஊசி. ஒன்பது. பன்னிரண்டு. பையை எடுத்துவிட்டார்கள். அவன் தானாகவே மூச்சு விட்டான்.

பொழுது சாய்வதற்குள் கண்ணைத் திறந்தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான். ஆனால் அபிதாவைப் பார்த்து யார் என்று கேட்டான். மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரம் எவ்வளவு என்று தெரியவில்லை, சரியாகலாம், ஆகாமலும் போகலாம், மூன்று நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். மறைக்காமல் சொன்னார். அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

வராந்தாவில் நீளமான பெஞ்சு. ஒரு கோடியில் அபிதா. மறு கோடியில் லீலா. நடுவில் ஏழு பேர் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. சின்னதுரை வந்து, ‘நம்ம டாக்டர் போன் பண்ணாரு அக்கா, வண்டியில உங்கள ஏத்தக்கூடாதுன்னுட்டாரு’ என்று தலையைச் சொறிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனான். போகட்டும். வேலூரிலிருந்து ஆரணிக்குப் பஸ் இல்லாமலா போய்விட்டது.

அரை மணி நேரம் கழித்து அபிதா எழுந்து வந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை. முன்னால் நின்றாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருந்தன. ஆஸ்பத்திரி வாசல் கடையில் வாங்கியிருக்க வேண்டும்.

“எழுதிக் கொடு. எல்லாத்தையும். இங்கிலீஷ்ல வேணாம். தமிழ்ல எழுது. நான் எட்டாவது படிச்சிருக்கேன். நானே படிக்கணும்.”

லீலா எழுதினாள். நேரம், மருந்து, அளவு, டாக்டர் போனில் சொன்னது, வேண்டாம் என்று அவள் சொல்லாமல் விட்டது, மேனேஜர் புது ஷீட் எழுதியது, தான் பேனாவைக் கையில் வாங்கியது, எல்லாவற்றையும் எழுதினாள். மதியம் ஒன்றே முக்கால் மணிக்கு நோயாளியின் மூச்சை எண்ணாமலும் உதட்டைப் பார்க்காமலும் கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்று எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. இதைக் கொடுத்தால் தன் கழுத்தில் தானே கயிற்றை மாட்டிக்கொள்கிறோம் என்று தெரிந்தேதான் எழுதினாள். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. நம்மால் ஆனதை ஒளிக்காமல் செய்துவிட்டோம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

அபிதா வாங்கிப் படித்தாள். விரலை வரிக்குக் கீழே வைத்து, உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாதியில் விரல் நின்றது.

“கவனக்குறைவுன்னு எழுதியிருக்க.”

“ஆமா.”

“நான் வந்து கூப்ட்டது இதுல எங்க இருக்குது? கலர் மாறியிருக்குதுன்னு ரெண்டு தரம் சொன்னேன். அரக்கு இப்படி ஆவாதுன்னு சொன்னேன். நீ சிரிச்ச. சிரிச்சிகினே போன.” அவள் குரல் ஏறவில்லை, அழவும் இல்லை. “டாக்டர் செஞ்சத எழுதின. மேனேஜர் செஞ்சத எழுதின. நீ சிரிச்சத எழுதல.”

எழுதும்போது அது ஞாபகத்துக்கு வந்ததா, வந்தும் தாண்டிப் போனாளா என்று லீலா தனக்குத்தானே கேட்டுப் பார்த்தாள். வந்தது. தாண்டித்தான் போயிருந்தாள். கவனக்குறைவு என்கிற ஒரு வார்த்தையை வைத்துப் பூசி மெழுகியிருந்தாள். பன்னீர்செல்வத்துக்கு நாலு பேனா தேவைப்பட்டது, அவளுக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது.

அபிதா நோட்டை அவள் மடியில் வைத்தாள்.

“எழுது.”

லீலா எழுதினாள். ‘நகத்தின் நிறம் மாறியிருக்கிறது என்று நோயாளியின் மனைவி இரண்டு முறை என்னிடம் சொன்னார். அவர் சொன்னது சரி. நான் சிரித்தேன்.’

அபிதா அந்த மூன்று வரியையும் விரல் வைத்துப் படித்தாள்.

“இப்ப கையெழுத்து போடு,” என்றாள்.